வளையல் சத்தத்துக்குக் காற்று இறக்கியவர்

எனக்குத் தொண்ணூறு வயது. பெற்றது ஏழு, வளர்த்தது எட்டு. எட்டாவது என் நாத்தனார் பிள்ளை. இத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு கட்டை வண்டி, ரயில், பஸ், ஆட்டோ, ஒரு தடவை விமானம்கூட ஏறி இறங்கிவிட்டேன். காத்து டிரைவரைப் போல மெத்தென்று வண்டி ஓட்டினவர் இந்த உலகத்திலேயே கிடையாது. அவரைப் போலத் தாமதமாக ஓட்டினவரும் கிடையாது.

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்து லாரிகளை ஏலம் விட்ட சமயம். விழுப்புரத்து முதலாளி ஒருவர் ஒரு லாரியை எடுத்து, பலகை அடித்து, பஸ்ஸாக்கித் திண்டிவனத்துக்கு விட்டார். காடு மேடெல்லாம் ஏறி இறங்கச் செய்த வண்டி. அதன் தரையே ஆள் மார்பு உயரத்தில் நிற்கும். முக்காலி போட்டுத்தான் ஏற வேண்டும். ஊரில் அதற்கு ஒட்டகம் என்று பேர். பீரங்கி இழுத்த வண்டிக்கு நாங்கள் எல்லாம் ஒரு பாரமா? ஒரு பள்ளத்துக்கு இரண்டு தரம் தூக்கிப் போடும். முண்டியம்பாக்கத்தில் வாயில் போட்ட வெற்றிலை, விக்கிரவாண்டி வருவதற்குள் தானாகவே மென்று முடிந்திருக்கும்.

அதற்கு மருந்து கண்டுபிடித்தவர்தான் காத்து டிரைவர். கல்லு மாதிரி காத்தடிச்சா கல்லு மேல குந்திக்கினு போற மாதிரிதான் இருக்கும் என்பார். டயரைக் கட்டைவிரலால் அழுத்துவார், தட்டிக் காதை வைத்துக் கேட்பார், 'இஸ்ஸ்' என்று கொஞ்சம் காற்றைப் பிடுங்கிவிடுவார். அதிகம் போய்விட்டால் ஆம்பிளைப் பயணிகளை இறக்கிப் பம்பு அடிக்கச் சொல்வார். டிக்கெட் எடுத்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடிப்பார்கள். காற்று குறைந்தால் டயர் கிழியுமே, புது டயருக்கு எங்கே போவேன் என்று முதலாளி ஒரு பக்கம் புலம்புவார்.

விழுப்புரத்தில் புகுந்த வீட்டில் எனக்கு வளைகாப்பு முடிந்தது. முதல் பிரசவத்துக்குத் திண்டிவனத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். ரயிலில் நிற்கவே இடம் கிடைக்காத காலம். பஸ்ஸைப் பார்க்க வந்த மாமியார், முக்காலியைக் கண்டதும் நின்றுவிட்டார். பிள்ளை வழியிலேயே விழுந்துவிடும், பிரசவம் நம் வீட்டிலேயே ஆகட்டும் என்றார். அழைத்துப் போக வந்த என் அப்பா தோளில் இருந்த மூட்டையை இறக்கிக் கீழே வைத்தார். எனக்கானால் அம்மா முகத்தைப் பார்க்காமல் பிள்ளை பெறுவதா என்று முக்காலிப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

வண்டியைக் குறை சொன்னதும் காத்து டிரைவர் ரோஷத்தோடு இறங்கி வந்தார்.

"யம்மா, ஒரு சொம்புல தண்ணிய முட்ட முட்ட ஊத்தி நீயே மடியில வெச்சிக்கினு வா. ஒரு சொட்டு சிந்துனாலும் உன் மருமகள நீயே திருப்பிக் கூட்டிக்கினு பூடு."

"சிந்தும்பா. அப்ப தலைச்சன் புள்ள என் ஊட்லதான் பொறக்கும்" என்றார் மாமியார். டீக்கடையில் சொம்பு நிரம்பியது. மாமியார் ஏறி உட்கார்ந்தார்.

டிரைவர் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீ எனக்குப் பின்னால குந்து. உன் வளையலுதான் எனக்கு மீட்டரு. அது கலகலன்னா நிறுத்திடுவேன்."

நிறுத்தினார். பள்ளத்துக்கு நிறுத்தினார், மேட்டுக்கு நிறுத்தினார். ஒரு ஈயை ஓட்டினேன், அதற்கும் இறங்கிக் காற்றைப் பிடுங்கினார். அதற்குப் பிறகு மூக்கு அரித்தால்கூடக் கையைத் தூக்கவில்லை. விக்கிரவாண்டி தாண்டியதும் வெயில் ஏறியது. ரோட்டுச் சூட்டில் டயருக்குள் காற்று உப்பிக்கொண்டு மறுபடியும் கல்லாகிவிட்டது. மறுபடியும் பிடுங்கல். கூட்டேரிப்பட்டுக்கு வருவதற்குள் டயர் பிசைந்த கேப்பை மாவு மாதிரி ஆகி, ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு ஆள் வேண்டியிருந்தது. பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரர் எங்களை ஐயோ பாவம் என்று பார்த்துக்கொண்டே முந்திப் போனார்.

கோர்ட்டுக்குப் போகிற ஒருவர் பொறுக்க முடியாமல் எழுந்தார். "யோவ், பேஜாரு பண்ணாத. ஜல்தி போ. என் கேஸு வாய்தா பூடும்யா."

"உன் கேஸுக்கு இன்னொரு வாய்தா குடுப்பாங்க. புள்ளைக்கு யாரு குடுப்பாங்க? குந்துய்யா" என்றார் டிரைவர்.

காலையில் கிளம்பின வண்டி உச்சி வெயிலில் திண்டிவனம் சேர்ந்தது. டிரைவர் குதித்து இறங்கி, சுற்றி வந்து, சொம்பை எட்டிப் பார்த்தார். பாதிதான் இருந்தது. அவர் முகத்தில் இருந்த காற்றெல்லாம் போய்விட்டது. பஸ்ஸில் ஒருவரும் இறங்கவில்லை. என் அம்மா ஸ்டாண்டில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

மாமியார் என்னைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார். முந்தானையை உதறிக் காட்டினார். நனைந்த அடையாளமே இல்லை.

"சிந்தலப்பா. ஒரு சொட்டுகூட சிந்தல."

"அப்ப மீதித் தண்ணி எங்கம்மா?"

"நீ ஓட்டுன லட்சணத்துக்குத் தாகம் எடுக்காதா? குடிச்சிட்டேன்."

பஸ்ஸே அதிர்ந்தது. முதலில் கை தட்டியவர் அந்தக் கோர்ட்டுக்காரர்தான். அன்றைக்கு ஒருவரும் சொல்லாமலே ஆம்பிளைகள் இறங்கி டயர்களுக்குப் பம்பு அடித்தார்கள். டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு, ஜில்லாவையே ஜெயித்தவர் மாதிரி நின்றார். மாமியார் என்னை அம்மா கையில் ஒப்படைத்துவிட்டு, திரும்பிப் போக அதே வண்டியில் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். இந்தத் தடவை இரண்டு சொம்பு தண்ணீரோடு.

மூன்றாம் மாதம் தலைச்சனைத் தூக்கிக்கொண்டு ஒட்டகத்தில் ஏற வந்தேன். காத்து டிரைவர் எண்ணெய்க் கையை நன்றாகத் துடைத்துவிட்டு, பிள்ளையின் கன்னத்தில் கட்டைவிரலை மெல்ல வைத்து அழுத்தினார்.

"காத்து சரியா கீது தங்கச்சி. இதுக்கு மேல ஏத்தாத."

அந்தப் பிள்ளைக்கு இப்போது பல்லெல்லாம் விழுந்து கன்னம் ஒட்டிவிட்டது. பார்க்கும்போதெல்லாம், அவர் இருந்தால் கொஞ்சம் ஏத்திவிட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது போதும். முதலிலிருந்து ஒரு தரம் படித்துக் காட்டு. மெதுவாகப் போ, அவசரப்பட்டால் தூக்கிப் போடும்.