ரோஸ் குடை சிம்

என் வீட்டுக்காரர் கோவர்த்தனன் எதையாவது தீர்மானம் செய்தால் முதலில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். அன்றைக்கு இரண்டு தரம் உதறினார். பெரிய தீர்மானம் என்று புரிந்துகொண்டேன்.

"மே, டச் போன் ஒண்ணு வாங்கலாம்னு கீறேன்."

என் கையில் இருந்த முறம் நழுவி, புடைத்த அரிசி எல்லாம் தரைக்குப் போனது. நான் கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துபோன விஷயம் அது. எங்கள் பிள்ளை தமிழரசு குவைத்துக்கு வண்டி ஓட்டப் போன நாளிலிருந்து கேட்கிறேன். வீட்டில் இருப்பது பட்டன் போன். அதில் அவன் குரல் மட்டும் வரும். "நல்லா கீறேன்மா. நல்லா துன்றேன்மா." சின்ன வயசில் காய்ச்சலை மறைத்துக்கொண்டு பந்து விளையாடப் போகும்போதும் இதே குரலில்தான் நல்லா கீறேன் என்பான். குரலை எப்படி நம்புவது? குரலுக்குக் கன்னம் கிடையாது. ஒட்டிப் போயிருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்று தெரியாது.

மத்தியானம் கண்ணயர்ந்தால் ஒரே கனவு. அவன் ஒரு வெள்ளைக் கார் ஓட்டிக்கொண்டு போகிறான். நான் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே மணல், மணல், மணல். "அரசு, திரும்பிப் பாருடா" என்கிறேன். திரும்ப மாட்டான். முன்னால் இருக்கிற கண்ணாடியில் அவன் நெற்றி மட்டும் தெரியும். அதற்குள் விழிப்பு வந்துவிடும். மணல் போய் எங்கள் வீட்டுச் சுவர் நிற்கும்.

இவரிடம் சொன்னால், "மூஞ்சியப் பாத்து இன்னா பண்ணப் போற? கொரலு வருதில்ல?" என்பார். அப்படிப்பட்ட மனிதர். பிள்ளையை விமானம் ஏற்றிவிட மெட்ராசுக்குக்கூட வரவில்லை. கடலைக்காட்டில் களை எடுக்கணும் என்று சொல்லிவிட்டார். நான் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். காட்டில் ஒரு களைகூடக் குறைந்திருக்கவில்லை.

அப்பேர்ப்பட்டவர் இப்போது தானாக டச் போன் என்கிறாரே என்று பார்த்தால், விஷயம் நாகையா டீக்கடையில் இருந்தது. அங்கே எல்லோரும் போனை வைத்துக்கொண்டு சேவல் சண்டை, மழைச் செய்தி, டிராக்டர் விலை என்று பார்க்கிறார்கள். இவர் அடுத்தவர் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டி நீட்டிச் சுளுக்கு வாங்கிக்கொண்டு வந்தார். தைலம் தேய்த்தது நான். பிள்ளை, யாரிடமாவது ஒரு போன் கொடுத்தனுப்புகிறேன் என்று சொன்னதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளை வாங்கிக் கொடுத்து அப்பன் பார்ப்பதா என்று துண்டை உதறிவிட்டார்.

சரி, போன் வரட்டும். போனில் தகராறு இல்லை. தகராறு சிம்மில் வந்தது.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே சிம் விற்கிறவர்கள் வரிசையாகக் குடை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். பச்சைக் குடை, ஊதாக் குடை, ரோஸ் குடை. எங்கள் பக்கத்தில் கம்பெனிப் பெயரை யார் சொல்கிறார்கள்? உன்னுது என்ன குடை என்றுதான் கேட்போம். இவருக்குப் பச்சைக் குடைதான் வேண்டும். நாகையா கடை பெஞ்சில் அதற்குச் சிக்னல் பிய்த்துக்கொண்டு வருமாம்.

நான் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தாட்சாயணியிடம் பச்சைக் குடை போன் இருந்தது. அவள் நாத்தனாரிடம் ஊதா. பால் ஊற்ற வருகிற வெங்கடலட்சுமியிடம் ரோஸ். ஒவ்வொரு மத்தியானமும் ஒரு போனை இரவல் வாங்கி, வெளிச்சத்தைக் கையில் ஏந்திக்கொண்டு போகிற மாதிரி வீடெல்லாம் நடந்தேன். சிக்னல் என்பது ஒரு தட்டான் பூச்சி. உட்காருகிற இடத்தில்தான் உட்காரும். நாம் கூப்பிட்டால் வராது.

பச்சை வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. ஊதா வந்தது, ஆனால் எங்கள் வீடு எல்லையில் கடைசி வீடு. கொல்லையில் முள்வேலி, அதற்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. கோழிக்கூண்டைத் திறக்கப் போனால் போதும், தமிழ்நாட்டுக்கு வருக வருக என்று போன் வரவேற்கும். முட்டையோடு திரும்பி வந்தால் ஆந்திரா வரவேற்கும். ஒவ்வொரு வரவேற்புக்கும் பேசுகிற காசு ஏறும். ரோஸ் எங்கேயும் வரவில்லை. கூடத்தில் இல்லை, கொல்லையில் இல்லை, தெருவில் இல்லை. அடுப்பங்கரையில் அடுப்புக்குப் பக்கத்தில், உப்பு ஜாடி நேருக்கு வைத்தேன். கோடு கோடாக ஏறி நிறைந்து நின்றது. புகை போக எடுத்துவிட்ட ஓட்டின் சந்தில் தூரத்து மலை தெரிந்தது. அங்கேயிருந்துதான் வந்திருக்க வேண்டும். என் பிள்ளையும் அந்தச் சந்து வழியாக உள்ளே வந்துவிடுவான் என்று தோன்றியது. குழம்பு அடிபிடித்தது.

"ரோஸ் குடை வாங்கலாங்க. வூட்டுக்குள்ள வருது," என்றேன் அவரிடம். எந்த இடத்தில் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"வூட்டுக்குள்ள எனக்கு இன்னா வேலை?" என்றார்.

பேச்சு வளர்ந்தது. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "சண்டை எதுக்கு? சாமிகிட்ட வுட்டுடலாம். நாகலாபுரம் போய் பூக்கட்டிப் பாப்போம். நானே எடுக்கறேன்."

சொல்லும்போது அவர் மூக்கு லேசாக விரிந்தது. அந்த மூக்கை எனக்குத் தெரியும்.

தண்ணிக்குப் போர் எங்கே போடுவது என்று முன்னால் ஒரு தரம் இப்படிப் பூவைப் பொட்டலம் கட்டி எடுத்துப் பார்த்தோம். நான் வேப்பமரத்துப் பக்கம் என்றேன். இவர் மேட்டுப் பக்கம் என்றார். என் பக்கத்துக்கு அரளி, இவர் பக்கத்துக்கு மல்லி. எல்லோருக்கும் முன்னால் இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். கண்ணை மட்டும்தான் மூடினார். மூக்கை மூடவில்லை. முயல் மாதிரி அது துடித்ததை நான் ஒருத்தி பார்த்தேன். மல்லிப் பொட்டலம் அவர் கைக்கு வந்தது. மேட்டில் போட்ட குழியில் இன்றுவரைக்கும் புழுதிதான் வருகிறது.

இந்தத் தரம் பச்சைக்குத் துளசி, ஊதாவுக்கு டிசம்பர் பூ, ரோசுக்கு அரளி. மூன்றில் வாசம் உள்ளது துளசி ஒன்றுதான். கணக்குப் போட்டுத்தான் அவர் சாமியைக் கூப்பிட்டிருக்கிறார்.

பொட்டலம் கட்டுகிற வேலை வழக்கம்போல் எனக்கு வந்தது. அடுப்பங்கரையில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். சாமி காரியத்தில் கை வைக்கலாமா? வைத்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமா? அழுகை வந்தது. பிறகு ஒரு யோசனையும் வந்தது. மூன்று பொட்டலத்திலும் அதது இருக்க வேண்டிய பூவையே வைத்தேன். அதில் ஒரு பொய்யும் செய்யவில்லை. துளசியை மட்டும் கழுவி வைத்திருந்த பால் கவரில் இறுகச் சுற்றி, மேலே தெலுங்குப் பேப்பர் சுற்றினேன். அரளிப் பொட்டலத்துக்குப் பேப்பர் சுற்றி, அதன் மேல் துளசியைக் கசக்கித் தேய்த்தேன். வேறு ஒன்றுமில்லை. இவர் யோக்கியமாக எடுத்தால் சாமி கொடுக்கிறதை வாங்கிக்கொள்வோம். முகர்ந்து எடுத்தால், அது எனக்கும் இவருக்கும் இடையில் உள்ளது.

நாகலாபுரம் கோயிலில் பெருமாள் இடுப்புக்குக் கீழே மீனாக நிற்கிறார். பட்டர் பொட்டலங்களை அவர் முன்னால் வைத்து, தட்டில் எடுத்து வந்தார். இவர் கண்ணை மூடினார். மீனுக்கு இமை கிடையாது. பெருமாள் என்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருப்பார். கடலெல்லாம் நீந்தினவர். எனக்கும் பிள்ளைக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கடலும் அவருக்குத் தெரிந்த கடல்தானே, ஒரு தாய்க்காரிக்காகப் பொறுத்துக்கொள்ள மாட்டாரா என்று வேண்டிக்கொண்டேன்.

இவர் கை தட்டுக்கு மேலே மிதந்தது. ஒரு பொட்டலத்தைத் தாண்டியது. அடுத்ததைத் தாண்டியது. திரும்பி வந்தது. மூக்கு துடித்தது. படக்கென்று எடுத்தார்.

பட்டர் பிரித்தார். ரோஸ் அரளி. பேப்பரில் இருந்த தெலுங்கு எழுத்துக்கு மேலே கொத்தாகச் சிரித்தது.

இவர் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார். பட்டரைப் பார்த்தார். மற்ற இரண்டையும் பிரிக்கச் சொல்ல வாயெடுத்தார். "சாமியச் சந்தேகப்படறதா?" என்று மெதுவாகக் கேட்டேன். பொட்டலங்கள் துளசி மாடத்தில் போய்ச் சேர்ந்தன.

திருப்பதிக்குப் போய் போன் வாங்கினோம். கறுப்புக் கண்ணாடி மாதிரி இருந்தது. அணைத்து வைத்தால் என் முகம் தெரிந்தது. ரோஸ் குடைக்கடியில் உட்கார்ந்திருந்த பெண் தெலுங்கில் ஏதோ கேட்டாள், இவர் விரலைப் பிடித்து ஒரு பெட்டியில் அழுத்தினாள், சிம் போட்டாள், முகம் பார்த்துப் பேசுகிறதைச் சரிசெய்து பிள்ளைக்கு நம்பரும் அனுப்பிக் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டில் சிக்னல் நிறைந்து நின்றது. இவருக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஊருக்கு வந்து இறங்கினவர் வீட்டுக்கு வரவில்லை. நேராக நாகையா கடைக்குப் போனார். அங்கே நடந்ததைத் தாட்சாயணி வந்து சொன்னாள். பெஞ்சில் வைத்துப் பார்த்தாராம். பெஞ்சு மேல் ஏறி நின்று பார்த்தாராம். நாகையா டீ ஆற்றுகிற உயரத்துக்குப் போனைத் தூக்கிப் பிடித்தாராம். யாரோ, அண்ணன் போட்டோ புடிக்கிறார் சிரிங்கடா என்றார்களாம்.

அவர் வந்தார். கூடம், திண்ணை, கொல்லை, மாட்டுக் கொட்டகை. போனை முன்னால் நீட்டிக்கொண்டு பூமிக்கடியில் தண்ணி பார்க்கிறவர் மாதிரி நடந்தார். கடைசியில் அடுப்பங்கரை வாசலில் நின்றார். உள்ளே காலடி வைத்து எத்தனையோ காலம் ஆகிறது. ஒரு அடி வைத்தார். ஒரு கோடு வந்தது. இன்னொரு அடி. உப்பு ஜாடிக்கு நேரே வந்ததும் கோடு நிறைந்து, குவைத்திலிருந்து வர வேண்டிய செய்தி எல்லாம் சேர்ந்தாற்போல் கூவிக்கொண்டு வந்து விழுந்தது.

நான் பலகையை நகர்த்திப் போட்டேன். "குந்துங்க."

குந்தினார். போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்தார். பிறகு அடக்க முடியாமல் சொல்லிவிட்டார்.

"துளசி வாசம்தான் வந்துச்சு மே. நல்லா வந்துச்சு."

"எங்க வந்துச்சு?"

"அந்தப் பொட்டலத்துல."

"கண்ண மூடிக்கினுதான எடுத்தீங்க? மோந்துமா பாத்தீங்க? சாமி முன்னாடியா?"

அவர் வாய் திறந்தபடி நின்றது. உள்ளே ஒரு பதில் வந்து, சுற்றிப் பார்த்து, திரும்பிப் போனது தெரிந்தது. இன்றுவரைக்கும் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

கை சும்மா இருந்தால் யோசனை வரும், யோசித்தால் பால் கவர் வரைக்கும் போய்விடுவார் என்று பயம் எனக்கு. முறத்தில் கொஞ்சம் பூண்டைப் போட்டு முன்னால் தள்ளினேன். உரிக்க ஆரம்பித்தார்.

அப்போது போன் கூப்பிட்டது. அழுத்தினேன். முதலில் ஒரு மின்விசிறி தெரிந்தது. பிறகு ஒரு காது. பிறகு எல்லாம் மங்கலாகி, தண்ணிக்கடியில் மீன் திரும்புகிற மாதிரி ஏதோ திரும்பியது. என் கனவில் திரும்பாத தலை. என் பிள்ளை முழு முகத்தோடு என்னைப் பார்த்தான்.

"அம்மா, தெரியறேனா?"

அந்தப் பக்கம் திரும்பு என்று கையால் காட்டினேன். திரும்பினான். இந்தப் பக்கம் திரும்பு. திரும்பினான். சட்டைக் காலரை இறக்கு என்றேன். இறக்கினான். கழுத்தெலும்பு தெரியவில்லை. கன்னம் நிறைந்திருந்தது. உண்மையாகவே நன்றாகத் தின்கிறான். இத்தனை காலம் நெஞ்சில் இருந்த கல் ஒன்று இறங்கியது. இறங்கின கையோடு, இவ்வளவு ஊதியிருக்கிறானே, உப்பு அதிகமோ என்று இன்னொன்று ஏறியது.

"நைனா எங்கம்மா?" என்றான்.

போனை இவர் பக்கம் திருப்பினேன். இவர் தலையைத் தூக்கவில்லை. பூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தூக்கினார். பிள்ளையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். துண்டை எடுத்து உதறப் போனவர், உதறாமல் முகத்தில் வைத்துக்கொண்டார்.

"நைனா, இன்னா நைனா அழுவுற?"

"அழுவுல போடா," என்றார். "வெங்காயம் உரிச்சிக்கினு கீறேன். கண்ணு எரியுது."

நான் போனைக் கொஞ்சம் கீழே சாய்த்து, முறத்தைப் பிள்ளைக்குக் காட்டினேன்.