சுதாவின் மெஷினும் என் சாமிப்பெட்டியும்

எனக்கு யார்மேலும் பொறாமை கிடையாது, என் நாத்தனார் விசாலத்தைத் தவிர.

அவள் மகள் சுதா வேங்கிக்காலில் சோதனைக்கூடம் வைத்திருக்கிறாள். மின்சாரச் சாமான் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத அலையைக் கக்குமாம். ஜாஸ்தியாகக் கக்கினால் பக்கத்திலிருக்கும் ரேடியோ, டிவியெல்லாம் கெடுமாம். அதைப் பிடித்துக் காட்டும் மெஷினுக்குப் பெயர் ஸ்பெக்ட்ரம் அனலைசர். விசாலம் ஒரே மூச்சில் சொல்வாள். அதைச் சொல்வதற்கென்றே கல்யாணங்களுக்கு வருவாள். (நானும் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். பல்செட் கழன்றுவிட்டது.)

என் மகன் குமார் தெருவிளக்குக்குள் வைக்கிற பவர் சப்ளை என்ற சாமானைத் தயாரிக்கிறான். பெரிய ஆர்டர் ஒன்று கிடைக்க, அந்த மெஷின் 'பாஸ்' சொல்லவேண்டும். விசாலத்தின் பெண் முன்னால் என் பிள்ளை தனியாகக் கைகட்டி நிற்பதா? நானும் கிளம்பினேன். கிரிவலப் பாதையில் வாங்கிய சாமிப்பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். ராப்பகலாக மந்திரம் பாடும், மேலே விளக்கு மின்னும். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து, குமாரின் சாமான் இருந்த மேசைக்கடியில் பையோடு தள்ளிவிட்டேன். (நமக்குக் கேட்காவிட்டால் என்ன, சாமிக்குக் கேட்கும்.)

சோதனை அறையை விட்டு வெளியே வந்து, இரும்புக் கதவைச் சாத்திவிட்டு, மெஷின் திரையைப் பார்த்தோம். தரையோடு போன கோடு திடீரென்று நம் மலை மாதிரி எழும்பி நின்றது.

"ஃபெயிலு மாமா," என்றாள் சுதா. குமார் முகம் செத்துவிட்டது.

டீ பிளாஸ்க்கோடு வந்திருந்த விசாலம், "விடுங்க அண்ணி, எல்லார் புள்ளைக்கும் எடுத்ததும் வந்துடுமா?" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்டி சுதா, மெஷின் புதுசா, இல்ல பழைய சாமான் கடையில கம்மியா கெடச்சுதா?"

அவள் வெளியிலிருந்தே சுவிட்சைத் தட்டிக் குமாரின் சாமானை அணைத்தாள். மலை அசையவில்லை.

"மாமாவோடது இல்ல. உள்ள வேற என்னமோ இருக்குது."

கையடக்க மெஷின் ஒன்றில் குச்சியைச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். நாங்களும் போனோம். சுவர், விளக்கு, எதற்கும் சும்மா இருந்த மெஷின் மேசைக்கடியில் அலறியது.

"அத்தை, இந்த மஞ்சப்பை யாரோடது?"

"எனக்கின்னாம்மா தெரியும்?"

அது குமார் கல்யாணத்துத் தாம்பூலப் பை. மாப்பிள்ளை, பெண், அவனைப் பெற்ற நான், எல்லார் பேரும் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

"யம்மா!" என்று குமார் தலையில் கைவைத்தான். "வேண்டுதலாலயே என்னை ஃபெயிலாக்கப் பாத்தியே!"

பை வெளியே போனது, மலை மறைந்தது, சாமான் பாஸ். ஆர்டரும் வந்தது.

இப்போது அந்தக் கதவில் ஒரு பலகை தொங்குகிறது. எழுத்துக்கூட்டிப் படித்தேன்: 'கைபேசி, கைக்கடிகாரம், கோமளா அத்தை: உள்ளே அனுமதி இல்லை.' விசாலம் அதைப் படம் பிடித்து, சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதலில் என் பையைத்தான் சோதிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். நான் அந்தக் கட்டடம் முழுக்க நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டேன். சுதாவைப் பெற்றவள் பேர் ஒரு சுவரிலும் இல்லை.