ஏணிக்குக் கீழே ஓர் ஆள்

அச்சகத்தில் அவருக்குப் பிழையார் என்று பெயர். அச்சேறுவதற்கு முன் தாளைப் படித்துத் திருத்துவது அவர் உத்தியோகம். ஒற்றெழுத்து ஒன்று விட்டுப்போயிருந்தால் போதும், மேசைக்கு அந்தப் பக்கம் நின்றே கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கண்ணுக்கு அச்சகத்தில் சம்பளம் கிடைத்தது. வீட்டில் வம்பு கிடைத்தது.

ஒருநாள் மனைவியின் அண்ணன் வந்திருந்தார். மாடியறையில் மூவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது பிழையாரின் கண் ஜன்னலுக்குப் போயிற்று. கண்ணாடியின் வெளிப்பக்கம் மூன்று கோடுகள். வலது மூலையில் ஏதோ பறவை வைத்துவிட்டுப் போன முற்றுப்புள்ளி. வழக்கமாகத் துடைக்க வருகிறவர் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார், புது ஆள் பார்க்க வேண்டும் என்று மனைவி சொன்னாள். பிழையார் அதோடு விட்டிருக்கலாம். மைத்துனர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு ஜன்னலுக்கு ஆள் எதற்கு, ஏணிதான் கொல்லையில் கிடக்கிறதே, இனிமேல் நானே ஏறித் துடைக்கிறேன் என்றார்.

மைத்துனர் புருவத்தை உயர்த்தினார். மனைவி, "சரி" என்றாள். அவள் நீளமாகப் பேசினால் பயமில்லை. ஒற்றைச் சொல்லில் சரி என்றால் எங்கோ ஏதோ முடிவாகிவிட்டது என்று அர்த்தம். பிழையார் அப்போதே ஏணியின் நீளத்தை நினைத்துப் பார்த்தார்.

நினைக்காமல் என்ன செய்வார்? உயரம் என்றால் அவருக்கு உயிர் போய்விடும். பல்பு மாற்ற நாற்காலி மேல் ஏறினாலே தரை கிணறாகிவிடும். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாக இதை மனைவியிடமிருந்து மறைத்து வைத்திருந்தார். பல்பு போனால், இருட்டு கண்ணுக்கு நல்லது என்று இரண்டு நாள் உட்கார்ந்திருப்பார். மூன்றாம் நாள் அவளே மாற்றிவிடுவாள். சாமர்த்தியமாகத் தப்பித்தோம் என்று அவரும் நினைத்துக்கொள்வார்.

மறுநாள் காலை மனைவி ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். சலவைக்கடைப் பின்கட்டில் ஜன்னல் துடைக்கக் கற்றுத் தருகிறார்களாம். நாலு சனிக்கிழமை, காலை வேளை. நாளைக்கு நாலு பேர் குறை சொல்லாமல் முறையாகக் கற்றுக்கொண்டே செய்யுங்கள் என்றாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. பிழையார் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடினார்.

சொல்லிக் கொடுத்தவள் முப்பது வயதுப் பெண். எல்லோரும் ஏணி டீச்சர் என்றார்கள். பின்கட்டில் சுவரே இல்லாமல் ஒரு ஜன்னலை மட்டும் தரையில் நட்டு வைத்திருந்தாள். முதல் சனிக்கிழமை அதில்தான் பாடம். கைப்பிடி போட்ட துணிக்குஞ்சத்தைச் சோப்புத் தண்ணீரில் முக்கிக் கண்ணாடி முழுக்கப் பூச வேண்டும். ரப்பர் வைப்பரை மேல் மூலையில் வைத்து, இடமும் வலமுமாகப் பாம்பு நெளிகிற மாதிரி கையைத் தூக்காமல் கீழே கொண்டுவர வேண்டும். திரும்புகிற இடத்தில் தடுமாறினால் கோடு விழும். பிழையார் தடுமாறவில்லை. ஒரே இழுப்பில் கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போயிற்று. கூடப் படித்த தபால்காரர் அது திறந்திருக்கிறது என்று நினைத்துத் தலையை நீட்டி நெற்றியில் இடித்துக்கொண்டார்.

அன்று சாப்பிடும்போது பிழையார் பாடத்தை ஆதியோடந்தமாக ஒப்பித்தார். மனைவி கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் சனிக்கிழமை ஏணி வந்தது. நாலடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் அடியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இரண்டு கால், ஒரு கை எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். கீழே ஓர் ஆள் கட்டாயம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிடிக்க ஆளில்லாத ஏணியில் ஏறக்கூடாது. எல்லாவற்றையும் பிழையார் குறித்துக்கொண்டார். ஏறச் சொன்னபோது பென்சில் கீழே விழுந்தது.

முதல் படியில் உள்ளங்கை வியர்த்தது. இரண்டாம் படியில் காதுக்குள் கொசு பாடியது. மூன்றாம் படியில் உலகம் மெல்லச் சாய்ந்தது. முழங்கால் பழைய வலி என்று அவர் முனகியதும், மூன்று படி ஏறினால் போதும் சார், இறங்குங்கள் என்றாள் டீச்சர். இரக்கப்படுகிறாள் என்று நினைத்து அவருக்கு அவமானமாக இருந்தது. அடுத்த வாரம் தும்மல் என்றார். அதற்கடுத்த வாரம் காற்று அதிகம் என்றார். மற்றவர்கள் ஏறும்போதெல்லாம் தானே முன்வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். பிடித்தார் என்றா சொல்வது, வெள்ளத்தில் போகிறவன் மரத்தைக் கட்டிக்கொள்வது போலக் கட்டிக்கொண்டார்.

வீட்டில் மட்டும் கதையே வேறு. இன்று ஆறு படி, இன்று பத்து படி என்று ஏறிக்கொண்டே போனார். "அப்படியா" என்றாள் மனைவி. கடைசி வகுப்பன்று காலையில், சாயங்காலம் ஏழு மணிக்கு அண்ணன் வருகிறார், நீங்கள் துடைத்த ஜன்னலைப் பார்க்க வேண்டுமாம் என்று சொல்லிவிட்டுச் செருப்புக்கடைக்குப் போனாள். அவள் அங்கேதான் வேலை பார்த்தாள். ஆறு மணிக்குத்தான் திரும்புவாள்.

வகுப்பு முடிந்து வருகிற வழியெல்லாம் பிழையார் யோசித்தார். அவர் வீட்டு மாடி ஜன்னல் மேலும் கீழும் நகர்கிற கண்ணாடிச் சட்டம். அந்தக் காலத்தில் இம்மாதிரி ஜன்னலை ஏணியில்லாமலே துடைத்தார்களாம். சட்டத்தைத் தூக்கி, விளிம்பில் உள்பக்கம் பார்த்து உட்கார்ந்து, இடுப்புக்கு மேலே வெளியே நீட்டி, சட்டத்தை மடிமேல் இறக்கிக்கொண்டால் வெளிப்பக்கம் முழுக்கக் கைக்கு எட்டும். டீச்சர்தான் சொன்னாள். அதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள் என்றும் சொன்னாள். பிழையார் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். கால் அறைக்குள்ளேதானே இருக்கிறது, பிறகென்ன உயரம் என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லி, மூன்று மணிக்கு விளிம்பில் உட்கார்ந்து சட்டத்தை மடிமேல் இறக்கினார்.

பாதிக் கண்ணாடி வரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று. அப்புறம் இடுப்பில் செருகியிருந்த துணி நழுவியது. அது விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். சத்தம் வரவே இல்லை. துணி விழுந்தால் சத்தம் கேட்காது என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. அடியே இல்லாத பள்ளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்றுதான் தோன்றியது.

வைப்பரோடு சேர்த்து இரண்டு கையாலும் சட்டத்தைக் கட்டிக்கொண்டார். உள்ளே போக வேண்டுமானால் சட்டத்தைத் தூக்க வேண்டும். தூக்க வேண்டுமானால் கையை விட வேண்டும். கையா விடுகிறது? முதுகில் வியர்வை ஊர்ந்தபோது யாரோ பின்னாலிருந்து இழுக்கிற மாதிரி இருந்தது. துடைத்த பாதி வழியாக அறைக்குள்ளே கட்டில் தெரிந்தது, தலையணை தெரிந்தது. அந்தத் தலையணையில் இனி தலை வைப்போமா என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

கீழேயிருந்து எதிர்வீட்டுப் பல் டாக்டர், ஏன் சார் வெளியே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"காத்து வாங்கறேன்" என்றார் பிழையார், கண்ணாடியைப் பார்த்தபடி.

டாக்டர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். உள்ளே ஒருவர் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்ததால் போய்விட்டார். போனவர் செருப்புக்கடைக்குத் தொலைபேசியில் பேசியது பிழையாருக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் போயிற்று என்றும் தெரியாது. தோள்பட்டைக்குப் பக்கத்தில் சுவரில் டொக்கென்று ஏதோ இடித்தது. கண்ணாடியில் ஏணியின் இரண்டு கொம்பு தெரிந்தது. அப்புறம் மனைவியின் தலை, தோள், முழங்கை என்று ஒவ்வொன்றாக மேலே வந்தது.

செருப்புக்கடையில் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்கும், அவள் தினம் நாற்பது தடவை ஏறி இறங்குகிறாள் என்பதெல்லாம் பிழையார் ஒருநாளும் கேட்டுத் தெரிந்துகொள்ளாத விஷயம்.

"கீழ யாரு பிடிச்சிருக்கா?" என்றார்.

"யாருமில்ல."

பிழையாருக்கு இருந்த பயம் அப்படியே இடம் மாறியது. தன் முதுகுக்குப் பின்னாலிருந்த பள்ளம் மறந்துபோய், அவள் காலுக்குக் கீழே இருந்த பள்ளம் நினைவுக்கு வந்தது. மனைவி நிதானமாக அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பரை வாங்கினாள். வந்தது வந்தாச்சு என்று சொல்லி, ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மீதிக் கண்ணாடியை மேலிருந்து கீழே ஒரே நெளிப்பில் இழுத்தாள். அவர் ஒப்பித்த பாடம் எழுத்துப் பிசகாமல் இறங்கியது. அவள் சாய்ந்ததில் ஏணி லேசாக ஆடியது. பிழையார் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப நான் சட்டத்தத் தூக்குவேன். நீங்க உள்ள போய், கீழ இறங்கி வந்து ஏணியப் பிடிங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் இறங்க மாட்டேன். கை வலிக்குது, சீக்கிரம்."

கை வலிக்கிறது என்ற சொல்தான் வேலை செய்தது. சட்டம் எழும்பியதும் பிழையார் அறைக்குள் எப்படி விழுந்தார், மாடிப்படி எப்போது முடிந்தது, அவருக்கே தெரியாது. வெளியே வந்து ஏணியைக் கட்டிக்கொண்டார். ஏணி சுவரில் முளைத்தது போல நின்றது. அவள் உடனே இறங்கவில்லை. மூலையில் இருந்த முற்றுப்புள்ளியை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, படிப்படியாக இறங்கி வந்தாள். அவள் கால் தரையில் படும்வரை அவர் மூச்சு விடவில்லை.

பிழையார் பதினெட்டு வருஷத்து ரகசியத்தைச் சொல்ல ஆரம்பித்தார். "எனக்கு உயரம்னா கொஞ்சம்..."

"தெரியும்" என்றாள். கல்யாணமான முதல் வாரமே தெரியுமாம். மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனபோது அவர் தவழ்ந்து வந்து கொடியைப் பிடித்ததைப் பார்த்திருக்கிறாள்.

பிழையாருக்கு ரோஷம் வந்தது. தெரிந்துமா ஏணியில் ஏற அனுப்பினாய், நான் செத்திருந்தால் என்னாகும் என்று கேட்டார்.

"ஏறறதுக்கு யாரு அனுப்புனா? அந்தத் தாள்ல ஏறுபவர், பிடிப்பவர்னு ரெண்டு கட்டம் இருந்துச்சு. நான் பிடிப்பவர்லதான் கோடு போட்டேன். நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களே, படிக்கலியா?"

பிழையார் ஏணியைப் பார்த்தார். முழங்கால் வலி, தும்மல், காற்று எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. டீச்சர் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டியதும் நினைவுக்கு வந்தது. போகட்டும், இதோடு முடிந்ததே, ஏணியைக் கொல்லையில் போட்டுவிடுகிறேன் என்றார்.

"போடாதீங்க" என்றாள் மனைவி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே. "வகுப்புக்கு எல்லாரும் ஏறத்தான் வராங்களாம், வீடு வீடா ஜன்னல் துடைக்கப் போறப்ப பிடிக்க ஆளே கிடைக்கலன்னு டீச்சர் கவலப்பட்டாங்க. இனிமே ஞாயித்துக்கிழமையெல்லாம் உங்கள அனுப்பறேன்னு சொல்லிட்டேன். நாளைக்கு மொத வேலை எங்க அண்ணன் வீட்டுல."