நூத்தியொண்ணாவது சேர்

மதுரை ஜில்லாவிலேயே ஒரு நம்பருக்குப் பயந்த ஒரே மனுஷர் மீதியண்ணன்தான். ஊரில் பாம்புக்குப் பயப்படுவார்கள், போலீசுக்குப் பயப்படுவார்கள், என்னைப் போல சிலர் எல்லாத்துக்கும் பயப்படுவார்கள். அவர் நூத்தியொண்ணுக்குப் பயந்தார். போனில் யாராவது "நூத்தியொரு சேர் அனுப்புங்கண்ணே" என்று சொல்வது காதில் விழுந்தால் போதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார். ஒரு டீ குடித்து, அது போதாமல் இன்னொன்றும் குடித்துவிட்டுத்தான் வண்டியேறுவார்.

சிம்மக்கல்லில் ஆத்துக்குப் போகிற சந்தில் எங்கள் பந்தல் கடை. சாமியானா, சேர், மேஜை, சமையல் அண்டா எல்லாம் வாடகைக்கு. முதலாளி சௌராஷ்டிரக்காரர். வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் பாஷையில் குழைந்து பேசுவார், வைத்துவிட்டு எங்களைத் தமிழில் திட்டுவார். ஆர்டர் எழுதி வண்டியோடு போவது நான். இறங்கிய இடத்தில் சேர் போடுவது மீதியண்ணன். சொந்தப் பேர் ஏதோ இருந்தது. கடையில் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

சேர் போடுவது என்றால் எல்லோரும் போடுகிற மாதிரி இல்லை. வரிசைக்கு வரிசை சமமாக இருக்கவேண்டும், கடைசியில் ஒரு சேர்கூட மிஞ்சக்கூடாது. போட்டு முடித்ததும் பின்னால் போய் நின்று, "மீதி இருக்கா?" என்று கேட்பார். இல்லை என்று நான் சொல்லவேண்டும். அவர் கண்ணுக்கும் தெரியும்தான். ஆனாலும் ஒரு வாய் சொல்லிக் கேட்டால்தான் அவருக்கு மூச்சு சீராகும்.

"நம்பர்ல ரெண்டு ரகம் மாப்ள," என்பார். "ஒண்ணு, ஊரோட ஒத்துப்போற ரகம். பன்னெண்டைப் பாரு. ரெண்டு ஆறு, மூணு நாலு, நல்ல வேட்டி மாதிரி எப்படி மடிச்சாலும் மடியும். இன்னொண்ணு இருக்கு. பதிமூணு, பதினேழு, நூத்தியொண்ணு. எதுக்கும் மடியாது. ஒருத்தனை வெளிய தள்ளுனாத்தான் மத்தவன்லாம் உக்கார முடியும்."

எங்கள் பக்கத்தில் சுபகாரியத்துக்கு யாரும் முழு நூறு சொல்வதில்லை என்பது அவருடைய தலைவிதி. முழு நூறு என்றால் அதோடு முடிந்துபோச்சு என்று நினைப்பு. ஒன்று சேர்த்துச் சொன்னால் மேலே வளரும். மொய்க்கு அப்படி, வரிசைத் தட்டுக்கு அப்படி, சேருக்கும் அப்படித்தான். ஆகவே முகூர்த்த மாசம் முழுக்க நூத்தியொண்ணாக வரும். அவரும் பத்துக்குப் பத்து போட்டுவிட்டு, மிஞ்சின ஒன்றைத் தூக்கி வண்டிக்குள் வைத்துத் தார்ப்பாயால் மூடிவிடுவார், ஏதோ திருட்டுச் சாமானை மறைக்கிற மாதிரி.

ஒருதரம் அழகர்கோவில் அடிவாரத்தில் காதுகுத்து. தாய்மாமன் ஒருவர் வேலை இல்லாமல் சேரை எண்ணிவிட்டார்.

"என்னய்யா நூறுதான் இருக்கு? பிள்ளை காதுகுத்துல சைபர்ல முடிக்கிறியா?"

"ஒண்ணு வண்டில பத்திரமா இருக்குண்ணே."

"வண்டிக்கா காதுகுத்து?"

சண்டை வந்துவிடும் என்று நான் வண்டிப் பக்கம் நகர்ந்துவிட்டேன். மீதியண்ணன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அந்த ஒத்தச் சேரை எடுத்து வந்து, வரிசையில் சேர்க்க மனமில்லாமல், தள்ளி ஒரு மரத்தடியில் போட்டார். போட்ட கையோடு மேலேயிருந்து ஒரு கிழட்டுக் குரங்கு இறங்கி, கையை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்துவிட்டது. விசேஷம் முடிகிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை. பெரிய மனுஷர் என்று நினைத்து யாரோ அதற்கு வடைகூடக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மீதியண்ணன் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியா மாப்ள, மீதிக்கும் ஒரு ஆளு வந்துருச்சு."

கணக்கு தெரிந்தவர் என்பதால் புத்திசாலி என்று நினைத்துவிடாதீர்கள். ஒத்தக்கடையில் ஒரு புதுவீட்டுப் பால்காய்ச்சு. நாப்பத்தெட்டு சேர், வரிசைக்கு ஆறாக எட்டு வரிசை போடச் சொன்னார்கள். இவர் எட்டெட்டாக ஆறு வரிசை போட்டார். கேட்டால், "ஆறெட்டும் எட்டாறும் ஒண்ணுதானே?" அது புது பிளாட், தெரு அகலமே அம்புட்டுத்தான். வரிசைக்கு ரெண்டு சேர் வழியை அடைத்துக்கொண்டது. முதலில் வீட்டுக்குள் போகவேண்டிய பசுவும் கன்னும் தெருமுனையிலேயே நின்றுவிட்டன. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார், நான் ஐயரைப் பார்த்தேன், பசு மீதியண்ணனைப் பார்த்தது. வீட்டுக்காரம்மா வெளியே வந்து நிதானமாகச் சொன்னது: "கணக்குக்கு ஒண்ணுதான்யா. மாட்டுக்கு ஒண்ணில்லையே."

ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "மாட்டுக்கு ஒண்ணில்ல மாப்ள, நல்லாச் சொல்லுச்சு அந்தம்மா."

எனக்குப் படிப்பு எட்டாவதோடு நின்றுபோச்சு. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது ஒரு காரணம். கணக்கில் எழுத்து வந்தது இன்னொரு காரணம். நம்பரைப் பார்த்தாலே ஓடி ஒளிகிறவன் முன்னால் எக்ஸ் என்று எழுதி, இது எம்புட்டுன்னு சொல்லு என்றால் நான் எங்கே போவேன்? இதை ஒருநாள் வண்டியில் மீதியண்ணனிடம் சொல்லிவிட்டேன். மேலூர் ரோட்டில் பாதி வழி. டீசல் முள் கீழே கிடந்தது, ஊர் வரைக்கும் வருமா என்றும் கேட்டுவைத்தேன்.

"இதுல பயப்பட என்ன இருக்கு? தெரியாத ஒண்ணுக்கு ஒரு பேரு வச்சுட்டாலே பாதி பயம் போயிரும். அப்புறம் அதைத் தனியா உக்கார வையி. கூட ஒட்டிக்கிட்டிருக்கதை எல்லாம் ஒண்ணொண்ணாக் கழட்டு. இந்தப் பக்கம் என்ன எடுத்தியோ அதையே அந்தப் பக்கமும் எடுத்துரு, ஓரவஞ்சனை கூடாது. கடைசில அது ஒத்தையா நிக்கும். ஒத்தையா நின்னாத்தான் மாப்ள அது யாருன்னு தெரியும்."

"அண்ணே, நான் கேட்டது டீசல் வருமான்னு."

"அதுக்கும் ஒரு பேரு வையி."

அவர் வாழ்க்கையிலேயே சந்தோஷமான ஆர்டர் ஒன்று வந்தது. ஒரு கட்சிக் கூட்டம், ஆயிரத்தியொரு சேர். நான் பயந்துகொண்டேதான் சொன்னேன். இந்த ஒண்ணுக்கு எத்தனை டீயோ என்று. மனுஷர் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஏழு, பதினொண்ணு, பதிமூணு. மூணுமே மடியாத பயலுக. மூணும் சேந்து பெருகுனா ஆயிரத்தியொண்ணு. மீதியே வராது மாப்ள." அதேபோல ஏழு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பதினோரு வரிசை, வரிசைக்குப் பதிமூணு சேர் என்று போட்டார். வண்டி மேலே ஏறி நின்று, சாமி புறப்பாடு பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

தலைவர் மைக்கைப் பிடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு சேரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கூட்டம் நாலா பக்கமும் ஓடியது. ஏழும் பதினொண்ணும் பதிமூணும் மேலூர் ரோட்டில் நனைந்துகொண்டே போவதைப் பார்த்தபடி நாங்கள் ஒரு டீக்கடை ஓரம் ஒதுங்கினோம். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்புறம் டீயைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"நாங்க நாலு பேரு மாப்ள."

அவர், சம்சாரம், மகள், மகன். சாப்பிட உட்கார்ந்தால் இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், மூணு பேராகத் திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு அவரால் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ரெண்டு என்று பார்க்க முடியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றபடி சாப்பிட்டார். தினமும். அந்தம்மாவுக்கு அது வேறு மாதிரி பட்டது. தன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல்தான் எழுந்து போகிறார், பிள்ளை போனதற்குத் தன்னைக் குத்தம் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டது. இவரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தம்மா மகளைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டது.

"சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"என்னன்னு சொல்ல? மூணு மடியாதுன்னா?"

மழை விட்டது. ரெண்டு பேரும் போய்ச் சேரைப் பொறுக்கினோம். நான் அன்றைக்கு மிஞ்சினதா குறைந்ததா என்று எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

போன தை மாசம் ஒரு பெண்பிள்ளை போன் பண்ணியது. ஒத்தக்கடைக்கு உள்ளே தள்ளி, காலி பிளாட்டில் பந்தல் போட்டுக் கல்யாணம். "நூத்தியொரு சேர். கூடவும் வேணாம், குறையவும் வேணாம். அங்க மீதின்னு ஒருத்தர் இருக்காராமே, அவருதான் வந்து போடணும்." ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டது. காதுகுத்துக்காரர்கள் ஆள்வைத்து அடிக்கக் கூப்பிடுகிறார்களோ என்றுகூட நினைத்தேன்.

விடிந்தும் விடியாமல் போய் இறங்கினோம். வாசலில் ஃபிளெக்ஸ். மணப்பெண் படம், பவித்ரா என்று பேர். மீதியண்ணன் அதன் முன்னால் நின்றவர் நகரவில்லை. அந்த மூக்கும் அந்த நெத்தியும் அவருடையது. எனக்கே விளங்கிவிட்டது.

"அண்ணே, திரும்பிப் போயிருவமா?"

"சேரை இறக்கு மாப்ள."

அன்றைக்கு மாதிரி அவர் சேர் போட்டு நான் பார்த்ததில்லை. கயிறு கட்டி நூல் பிடித்தார். ஒவ்வொன்றாகத் துண்டால் துடைத்தார். பத்துக்குப் பத்து. மிஞ்சின ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்து மூடிவிட்டு, பந்தலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "மீதி இருக்கா" என்று கேட்கவில்லை.

சீக்கிரமே பெண்ணுக்குத் தாய்மாமன் பார்த்துவிட்டார். "இந்தாளு எதுக்கு இங்க வந்தாரு?"

பதில் பந்தலுக்குள் இருந்து வந்தது. "சேர் போட வந்திருக்காரு மாமா. நான்தான் வரச் சொன்னேன்." பாதி சடைக்குத்தான் பூ வைத்திருந்தது. மீதிப் பூ கையில் தொங்க, அந்தப் பிள்ளை வண்டிக்கே வந்துவிட்டது.

"எப்பவும் ஒண்ணை மிச்சம்னு ஒளிச்சு வச்சிருவீங்களாமே. எங்க?"

மீதியண்ணன் திரும்பவில்லை. "வண்டில ஏத்திட்டேன் தாயி."

"எடுங்க."

"வரிசை கெட்டுப்போகும்."

"கெடட்டும்பா." அப்பா என்று சொன்னதும் அவர் தோள் அசைந்தது. அது தொடர்ந்து சொன்னது: "நாங்க கூப்பிட்டது மொத்தம் நூறு பேருதான். ராசிக்குன்னு சொல்லி அம்மாகிட்ட நூத்தியொண்ணு கேட்டேன். பத்திரிகைல உங்க பேரைப் போட விடல. சேர்லயாவது போடுவோம்னுதான்."

தார்ப்பாயை நான்தான் விலக்கினேன். சேரைத் தூக்கிக்கொண்டு போய் மேடைக்குப் பக்கவாட்டில், எந்த வரிசையிலும் சேராமல், தூண் ஓரமாகப் போட்டேன். அவர் வந்து நுனியில் உட்கார்ந்தார், அழகர்கோவில் குரங்கு மாதிரியே கையை மடியில் வைத்துக்கொண்டு. இந்த நேரத்தில் போய் அது ஞாபகம் வந்ததே என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. மேடையிலிருந்து பவித்ராவின் அம்மா பார்த்தது. வா என்று சொல்லவில்லை. எழுந்திரு என்றும் சொல்லவில்லை. தாலி ஏறும்போது மட்டும் அட்சதைத் தட்டு வரிசை தாண்டி அவர் வரைக்கும் வந்தது. யார் அனுப்பினார்கள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் அந்தம்மாதான் என்கிறார்கள்.

பந்தி முடிந்து சேரை அடுக்கிவிட்டுத் திரும்பினோம். யானைமலை தாண்டும்போது சொன்னார்: "நூத்தியொண்ணை நான்தான் தப்பா வச்சிருந்தேன் மாப்ள. அதை மடிக்கவே கூடாது. அப்படியே விட்டுறணும்."

ஆடி மாசம் அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துபோச்சு. முதலாளி திட்டாமல் பேசியது அன்றைக்குத்தான். "எம்புட்டு சேர்னு கேக்காத. எடுத்துட்டுப் போ." துக்க வீட்டுக்கு யாரும் நம்பர் சொல்வதில்லை, வண்டியில் இருப்பதை இறக்குவோம். மீதியண்ணனுக்குப் பிடிக்காத வேலை அது. மகள் வந்தது, மாப்பிள்ளை வந்தார், அந்தம்மாவும் வந்தது. வந்தவர்கள் சேரை இழுத்து இழுத்து அவரவருக்குத் தோதாகப் போட்டுக்கொண்டார்கள். வரிசையே இல்லை. நான் எண்ணவும் இல்லை.

இப்போது சேர் போடுவதும் நான்தான். நூத்தியொண்ணு வந்தால் பத்துக்குப் பத்து போடுகிறேன். அந்த ஒன்றை வண்டியில் ஏற்றுவதில்லை, ஓரமாகப் போட்டுவைக்கிறேன். பிந்தி வருகிற யாராவது ஒருத்தர் உட்காருவார். எனக்குத்தான் மனசு கேட்காது, வெயில் திரும்பி அதன்மேல் விழுந்துவிடுமோ என்று ஒரு கவலை. நிழலுக்குக் கொஞ்சம் நகட்டிப் போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.