என் பூட்ஸுக்குள் இருந்த ஆள்

சப்பாத்து வாங்கப் போகிறவன் காலைக் கேட்டு வாங்குவதில்லை, கண்ணைக் கேட்டுத்தான் வாங்குகிறான். கல்யாணத்துக்குப் போடுகிற சப்பாத்து என்றால் பரவாயில்லை, பந்தி முடிந்ததும் கழற்றிவிடலாம். எரிகிற கட்டடத்துக்குள் போட்டுக்கொண்டு போகிற பூட்ஸை அப்படித் தெரிந்தெடுத்தால் என்ன நடக்கும் என்பதை, திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் ஒரு பின்னேரம், ஊரே பார்த்துக்கொண்டு நிற்க நான் படித்தேன்.

அப்போது நான் தீயணைப்புப் படையில் சேர்ந்து அதிக காலமில்லை. கல்யாணமும் புதிது. அன்புவழிபுரத்தில் வாடகை வீடு. வேலைக்கென்று எங்களுக்குத் தந்திருந்தது முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். நம்முடைய வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் கால் அவிந்துவிடும். (கழற்றும்போது வருகிற மணத்தைப் பற்றி என் மனைவி மாலினி சொன்னதை இங்கே எழுத ஏலாது.) ஆகவே, வெளிநாடு ஒன்றிலிருந்து நன்கொடையாகத் தோல் பூட்ஸ் ஒரு பெட்டி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாக ஓடினேன்.

எல்லாம் அங்கே யாரோ போட்டுக் கழித்தவை. பலவற்றின் அடிப்பகுதி வெடித்திருந்தது. ஒரு சோடி மட்டும் புதிது போலப் பளபளத்தது. தடித்த மண்ணிறத் தோல், விரலுக்கு மேலே இரும்பு மூடி, ஆணி ஏறாமல் அடியில் இரும்புத் தகடு. நம்பர் பத்து. என் கால் எட்டு. போட்டுப் பார்த்தேன். நின்று பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் பக்கவாட்டில் திரும்பியும் பார்த்தேன். நடந்து மட்டும் பார்க்கவில்லை.

என்னோடு வேலைக்குச் சேர்ந்த நிசாம், தோப்பூர்க்காரன், அளவான ரப்பரே போதும் என்று இருந்துவிட்டான். என் பூட்ஸுக்குள் கையை விட்டு உள்ளே இருந்த மெத்தையை உருவி வெளிச்சத்தில் பிடித்தான். அதிலே ஒரு பாதம் பதிந்து கிடந்தது. ஐந்து விரலும் கறுப்பாக, குதிகால் குழிந்து, சின்ன விரல் மட்டும் உள்ளே மடிந்து.

“இது ஆருட காலோ தெரியா மச்சான். ஆள் இன்னும் உள்ளுக்க நிக்கிற மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு மெத்தையைத் திரும்ப வைத்தான்.

நான் சிரித்தேன். ஆனால் திரும்பக் காலை நுழைத்தபோது, அந்த ஆளின் விரல்கள் இருந்த குழிகள் என் விரல்களுக்கு எட்டவில்லை. அவற்றின் விளிம்பு மட்டும் விரல் நுனியில் தட்டுப்பட்டது. அவர் எனக்குக் கொஞ்சம் முன்னால் நிற்பதுபோல.

அன்றைக்கே தொடங்கியது. நிலையத்தின் ஆளில்லாத நடைக்கூடத்தில் நான் ஒரு அடி வைத்தால், எனக்குப் பின்னால் இன்னொரு அடி விழுந்தது. நான் நின்றால், பின்னால் வந்ததும் ஒரு அடி பிந்தி நின்றது. திரும்பினால் யாரும் இல்லை. சுவரிலே வாளிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

வேலை முடிந்து பூட்ஸோடேயே வீட்டுக்குப் போனேன். (ஒழுங்கையின் இரு பக்க வீட்டுச் சனமும் பார்க்க வேண்டாமா?) எதிர்வீட்டு நாய் என்னைப் பார்த்துக் குரைக்காமல் எனக்குச் சற்றுப் பின்னால் பார்த்துக் குரைத்தது. (அது மாறுகண் நாய். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.) குசினியில் இருந்து மாலினி இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்து வாசலை எட்டிப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, உங்களோட வந்த ஆள் எங்க?”

ஒருவரும் வரவில்லை என்றேன். இரண்டு பேர் நடந்து வந்த சத்தம் தனக்கு வடிவாகக் கேட்டது என்றாள். அந்த இரண்டாவது தேத்தண்ணி யாரும் உட்காராத கதிரைக்குப் பக்கத்தில் ஆறிப்போய்க் கிடந்தது. அதைக் குடிக்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

பூட்ஸைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் சப்பாத்துக்குப் பயந்த தீயணைப்பு வீரன் என்று பெயர் எடுக்க யாருக்கு விருப்பம்? பூட்ஸுக்குத் திருநீறு பூசலாமா கூடாதா என்று ஐயரிடம் கேட்கவும் வெட்கம். பேசாமல் நடந்தேன். அவரும் கூடவே நடந்தார்.

இப்படி இருக்கையில்தான் துறைமுகத்தை ஒட்டிய பழைய கிடங்கு ஒன்றில் தீப்பிடித்தது. மேலும் கீழுமாக இரண்டு தட்டு, மேல்தட்டுக்குப் பலகைத் தரை. கயிறும் வலையும் பழைய மெத்தைகளும் உள்ளே. வேலையாட்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று சொந்தக்காரர் சொன்னார். என்றாலும் ஒருமுறை பார்க்காமல் விடக்கூடாது என்பது விதி. எங்கள் அதிகாரி சிவபாலன் சேர் நிசாமையும் என்னையும் உள்ளே அனுப்பினார். கூரையை நம்ப ஏலாது, சுருக்காகப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

வெளியே நல்ல வெயில். படியேறி மேல்தட்டுக்குள் கால் வைத்ததும் இருட்டு. நிசாம் தண்ணீர்க் குழாயோடு முன்னால், அவனுடைய சட்டையைப் பிடித்தபடி நான் பின்னால். முகமூடிக்குள் என் மூச்சு பெரிதாகக் கேட்டது. சுவரைத் தடவித் தடவிப் போனோம். பலகையில் நிசாமின் அடி. பிறகு என் அடி. பிறகு, எனக்குப் பின்னால், இன்னொரு அடி.

பேயாக இருந்தால் பயப்படலாம். ஆனால் உண்மையிலேயே ஒரு வேலையாள் புகைக்குள் வழி தெரியாமல் எங்களைப் பின்தொடர்ந்து வந்தால்? அந்த நினைப்புத்தான் பேயை விடப் பயங்கரமாக இருந்தது. வோக்கிடோக்கியின் பொத்தானை அமத்தி, உள்ளே மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார், எங்களுக்குப் பின்னால் வருகிறார் என்று சொன்னேன். சிவபாலன் சேர் உடனே இன்னும் இரண்டு பேரை உள்ளே அனுப்பினார்.

நான் நிசாமின் சட்டையை விட்டேன். (எதைச் செய்யவே கூடாது என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்களோ, அதை.) திரும்பி நின்று, புகையைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு சொன்னேன்:

“ஐயா, பயப்பிடாதேங்கோ. அதிலயே நில்லுங்கோ. நான் வாறன்.”

அவரை நோக்கி நடந்தேன். சத்தம் இப்போது மற்றப் பக்கம், மறுபடியும் எனக்குப் பின்னால். திரும்பி அந்தப் பக்கம் நடந்தேன். மறுபடியும் பின்னால். நிற்கச் சொன்னேன், கெஞ்சினேன், கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். செக்குமாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். நிசாம் எந்தப் பக்கம், படி எந்தப் பக்கம் என்று ஒன்றும் விளங்கவில்லை.

அப்போது வலது காலுக்குக் கீழே பலகை உடைந்தது. கீழேயிருந்து யாரோ என் குதியை இறுக்கிப் பிடித்தார்கள். பிடித்துவிட்டான் என்று கத்தினேன். முழுப் பலத்தையும் கூட்டி இழுத்தேன். பூட்ஸ் பலகை இடுக்கிலேயே நிற்க, கால் மட்டும் வழுவி வெளியே வந்தது. காலுறையோடு தரையில் ஊன்றினேன். தோசைக்கல்லில் வைத்தது போல இருந்தது.

காற்று முடியப் போகிறது என்று முதுகில் இருந்த சிலிண்டரின் விசில் கூவத் தொடங்கியது. அந்தக் கூவலைக் கேட்டுத்தான் நிசாம் என்னைக் கண்டுபிடித்தான். கொலரில் பிடித்து, தண்ணீர்க் குழாய் கிடந்த வழியே தரதரவென்று இழுத்துக்கொண்டு போனான். படியில் மற்ற இருவரும் எதிர்ப்பட்டார்கள். நால்வரும் வெளியே வந்து மூச்சு விட்டு முடியவில்லை, கூரையின் ஒரு பக்கம் அப்படியே இறங்கியது. சற்று முன் உள்ளே நாங்கள் நின்ற பக்கம்.

பிறகு சிவபாலன் சேர் மெதுவாகக் கேட்டார்.

“அந்த மூண்டாவது ஆள் எங்க?”

உள்ளே இருக்கிறார் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒருவரைச் சாகவிட்டு வந்துவிட்டேன். யாரும் தடுப்பதற்குள் வாசலைப் பார்த்துத் திரும்ப நடக்கத் தொடங்கினேன், ஒற்றைப் பூட்ஸோடு, சீமெந்துத் தரையில்.

டக்-டக். அமைதி. டக்-டக். அமைதி.

“மச்சான், நில்லு” என்றான் நிசாம். “திரும்ப ஒருக்கா நட.”

நடந்தேன். சிவபாலன் சேர் குனிந்து என் இடது காலைப் பார்த்தார். பூட்ஸின் குதி முதலில் விழுந்தது. அதற்குள்ளே இருந்த என் குதி பிந்தி, இரும்புத் தகட்டில் தனியாக விழுந்தது. அவர் என் குதிக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தார். கை முழுதாக உள்ளே போனது.

“மூண்டாவது ஆளைக் கண்டுபிடிச்சாச்சு” என்றார்.

தெருவில் நின்ற சனம் சிரித்தது. ஐயாவை நான் கெஞ்சியது முழுவதும் தீயணைப்பு வண்டியின் வோக்கிடோக்கியில் அவர்களுக்குக் கேட்டிருந்தது என்பதை அப்போதுதான் அறிந்தேன். அமத்திய பொத்தானில் இருந்து நான் விரலை எடுக்கவே இல்லையாம்.

எனக்குச் சிரிக்க ஏலவில்லை. என் பேச்சைக் கேட்டு உள்ளே வந்த இருவரில் மூத்தவர், ராசன் அண்ணை, தெருவோரம் குந்தியிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன். அவர் என் வலது காலைப் பார்த்தார். மிச்சத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார்.

“சுடுதோ?” என்றார்.

கால் ஆறி வேலைக்குப் போனபோது பூட்ஸ் தெரிவு என் தலையில் விழுந்திருந்தது. இன்றுவரை அது என் பொறுப்புத்தான். யாராவது கழித்தது வேண்டாம், எவ்வளவு பளபளத்தாலும். பின்னேரத்தில், கால் வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். விரல் அசைய வேண்டும், குதி அசையக்கூடாது. ஏணி ஏற வேண்டும், முழந்தாளிட வேண்டும், தவழ வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நிசாம் அவர்களை ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போய்க் கதை சொல்வான். பிறகு சொன்னபடி தவழுவார்கள்.

இந்த வியாதி வீட்டையும் விடவில்லை. போன தவணை தொடங்குமுன் மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கப் போனோம். கடைப் படியில் அவளை ஏற்றினேன், இறக்கினேன், முழந்தாளிட வைத்தேன். கடைசியில் நான் தரையோடு காதை வைத்துக் குனிந்து, கடையின் அந்தத் தொங்கல் மூலையில் இருந்து நடந்து வரச் சொன்னேன். கடைக்காரர் மாலினியைப் பார்த்தார். மாலினி கூரையைப் பார்த்தாள்.

மாலினி சொல்லி முழுக் கதையும் தெரிந்த மகள், அவசரமில்லாமல் ஆறுதலாக நடந்து வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

“அப்பா, நான் ஒராள்தான் வந்திருக்கிறன்” என்றாள். “ஒரு தேத்தண்ணி போதும்.”