தலைக்கவசமாகக் கருதப்படும்

மனித குலத்தின் மாபெரும் கண்டுபிடிப்பு சக்கரம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். தவறு. மாபெரும் கண்டுபிடிப்பு 'கருதப்படும்' என்ற சொல். சக்கரம் இல்லாமலே பல மாடிக் கட்டடம் ஒன்றைக் கட்டிவிடலாம். தில்லி கோல் மார்க்கெட் பக்கத்தில் நாங்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். செங்கல்லும் மணலும் பெண்கள் தலையிலேயே போய்ச் சேருகின்றன. ஆனால் 'கருதப்படும்' இல்லாமல் இந்த நாட்டில் ஒரு கழிப்பறைகூடக் கட்ட முடியாது.

என் பெயர் கஸ்தூரிரங்கன். மத்திய அரசில் ஆயுள் முழுவதும் ஃபைல்களில் குறிப்பெழுதி ஓய்வு பெற்றவன். லக்ஷ்மிபாய் நகரில் மகளுடைய குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு, குறிப்பெழுத ஏதும் கிடைக்காமல், பால்காரருக்கு நினைவூட்டல் கடிதம் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பிப்பொடி அரைபடக் காத்திருந்தபோதுதான் ஜெயகிருஷ்ணன் என்னைக் கண்டெடுத்தார். பழைய அரசுக் குடியிருப்பை இடித்துவிட்டு அதிகாரிகளுக்கு மாடி வீடு கட்டும் ஒரு கம்பெனியில் அவர் பிராஜெக்ட் மேனேஜர்.

"மாமா, எங்க சைட்டுக்கு ஒரு சேஃப்டி அட்வைசர் வேணும். வரேளா?"

"எனக்குக் கட்டடத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாதேப்பா."

"கட்டடம் தெரிஞ்சவா நிறையப் பேர் இருக்கா மாமா. அவாளாலதான் பிரச்சினையே. ஃபைல் தெரிஞ்சவா வேணும்."

இப்படி ஒரு மேதையை நான் மத்தியச் செயலகத்து நார்த் பிளாக்கில்கூடச் சந்தித்ததில்லை. அடுத்த வாரமே வெள்ளைத் தலைக்கவசம் அணிந்துவிட்டேன். அன்று முதல் அவருக்கு நான் கடையில் 'மாமா', கூட்டத்தில் 'சார்'.

எங்கள் சைட்டின் பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கண்டால் கல்நெஞ்சும் கரையும். வாசலில் 'பாதுகாப்பே முதல்' என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் பலகை. தலைக்கவசம் இல்லாதவரைக் காவலாளி உள்ளே விடமாட்டார். தினமும் காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி மொபைலில் படம் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவோம். சுமை தூக்கும் பெண்கள் மஞ்சள் கவசத்தோடு படத்துக்கு நிற்பார்கள். படம் முடிந்ததும் கவசத்தைக் கழற்றி மூங்கிலில் மாட்டிவிட்டு, துணியைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் தஸ்லாவை ஏற்றிக்கொண்டு போவார்கள். தஸ்லா என்றால் மணலும் செங்கல்லும் சுமக்கிற இரும்புச் சட்டி. படத்தில், விதிகளோடு எங்கள் 'இணக்கம்' நூற்றுக்கு நூறு.

அந்த வருடத்தின் பாதுகாப்புச் செம்மல் கேடயம் எங்களுக்குத்தான் என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. முன்னோட்டம் பார்க்க, கேடயம் தரும் பேரவையின் செயலாளர் வந்தார். வந்தவர் படங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆட்களைப் பார்த்துவிட்டார். தொழிலுக்குப் புதியவர் போலிருக்கிறது.

"இந்தப் பெண்கள் ஏன் வெறுந்தலையோடு போகிறார்கள்?" என்று இந்தியில் கேட்டார்.

ஜெயகிருஷ்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. உடனே 'தலைப் பாதுகாப்பு உயர்நிலைக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் அவர். உறுப்பினர் செயலர் நான். உறுப்பினர் பெலிக்ஸ். பெலிக்ஸ் தூத்துக்குடிக்காரர், சேஃப்டி இன்ஜினியர். அந்தப் படிப்பையே முறையாகப் படித்தவர் என்பதால் அவரோடு எங்களுக்குக் கொஞ்சம் சிரமம் உண்டு. தொழிலாளர் பிரதிநிதியாகத் தாயம்மாளைக் கூப்பிட்டிருந்தோம். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து தில்லியில் பல வருடமாகச் சுமை தூக்குகிறவர். நாற்காலி போட்டிருந்தும் நின்றுகொண்டே இருந்தார்.

"சொல்லும்மா, ஹெல்மெட் போட்டுக்க என்ன கஷ்டம்?" என்று அன்பாகக் கேட்டேன்.

"போட்டா தஸ்லா நிக்க மாட்டேங்குது சாப். வழுக்குது."

குழு எதையும் வாய்ச்சொல்லால் ஏற்பதில்லை. சோதனைக்கு உத்தரவிட்டோம். தாயம்மாள் கவசத்தை மாட்டி, அதன்மேல் சும்மாடு வைத்து, அதன்மேல் மணல் நிரம்பிய தஸ்லாவை ஏற்றினார். இரண்டடி நடப்பதற்குள் மணல் முழுவதும் ஜெயகிருஷ்ணனின் மடிக்கணினியில் இறங்கியது. அடுத்ததாக, சும்மாடு, தஸ்லா, மணல், உச்சியில் தலைக்கவசம் என்ற வரிசை பரிசோதிக்கப்பட்டது. இம்முறை எதுவும் சரியவில்லை. மணல் மிகவும் பாதுகாப்பாக இருந்தது.

"சார், ஹெல்மெட்ட விட்டுத் தள்ளுங்க," என்றார் பெலிக்ஸ். "மேல சாரத்துல குழாயப் பிணைக்குத இரும்புக் கிளாம்பு கழண்டு விழுது. அதுதான் பிரச்சினை. இந்தம்மா நடக்குத பாதை மேல தகரக் கூரை போட்டுட்டா சோலி முடிஞ்சிது."

"ஆமா சாப்," என்றார் தாயம்மாள். "போன வாரம் ஒண்ணு என் தோள்ல உரசிக்கினு வுழுந்துச்சி. தலைல வுழுந்தா என் ரெண்டு புள்ளைங்கள யாரு பாப்பாங்க? ஒரு தகரம் போட்டுக் குடுங்க, போதும்."

எளிய மனிதர்கள் எவ்வளவு எளிதாகப் பேசிவிடுகிறார்கள்! கூரை போட வேண்டுமென்றால் அதற்குக் கணக்கில் ஒரு தலைப்பு வேண்டும். புரட்டிப் பார்த்தேன். தலைக்கவசத்துக்குத் தலைப்பு இருந்தது, தலைக்கு இல்லை. தவிரவும், மேலிருந்து பொருள் விழுகிறது என்று ஒப்புக்கொண்டுதானே கூரை போட முடியும்? ஒப்புக்கொண்ட சைட்டுக்குக் கேடயம் எப்படிக் கொடுப்பார்கள்?

"சார், ஜல்தி ஏதாவது பண்ணுங்கோ," என்றார் ஜெயகிருஷ்ணன், விசைப்பலகையிலிருந்து மணலை ஊதிக்கொண்டே.

பேனாவைத் திறந்தேன். கை தானாக ஓடியது. சபைக்கு வாசித்தேன்: "தலையின் மேற்பரப்பு முழுவதையும் மறைக்கும் இரும்புத் தஸ்லா, சுமையோடு இருக்கும்போது, தலைக்கவசமாகக் கருதப்படும். திரும்பி வரும் வழியில், காலித் தஸ்லாவைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொள்ளும்போதும் அவ்வாறே கருதப்படும்."

ஜெயகிருஷ்ணன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சிறந்த தலைக்கவசம் பிளாஸ்டிக். எங்களுடையதோ இரும்பு, அதன்மேல் ஒரு தஸ்லா மணல் வேறு. உலகத்தில் எந்தத் தொழிலாளிக்கு இவ்வளவு கனமான பாதுகாப்பு கிடைத்திருக்கிறது?

"சார், சுமைய இறக்கி வைக்கையில?" என்று கேட்டார் பெலிக்ஸ். "அப்பத் தலையில ஒண்ணும் இருக்காதே."

"அது ரெண்டு செகண்ட் சமாசாரம்பா. அதுக்கெல்லாம் ரூல் எழுதினா ஃபைல் தாங்குமோ?"

தாயம்மாளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னோம். அதாவது, தமிழில் எழுதியதைத் தமிழில் சொன்னோம். "இத்தத்தான சாப் தினம் செய்யிறோம்?" என்றார். விதியை இயல்பாகவே கடைப்பிடித்து வந்திருக்கிறார்கள் என்று நடவடிக்கைக் குறிப்பில் பாராட்டிப் பதிவு செய்தேன். புதிய விதியை ஆங்கிலத்தில் ஆக்கிப் பேரவைக்கு அனுப்பினோம். 'புதுமையான அணுகுமுறை' என்று எழுதி, விழாவுக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள்.

விழாவுக்கு மிக உயர்ந்த அதிகாரி ஒருவர் தலைமை விருந்தினர். வாசலிலிருந்து மேடைக்குப் பெண்கள் சுமை தூக்கிப் போகிற அந்தப் பாதை வழியாகத்தான் அவர் நடந்து வர வேண்டும். வேறு வழி இல்லை.

"சார், அவர் தலைல ஏதாவது விழுந்து வெச்சா?" என்றார் ஜெயகிருஷ்ணன்.

கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். விழாச் செலவு என்று ஒரு தலைப்பு இருந்தது. அதில் எல்லாம் அடங்கும். பந்தல் போடுகிற டென்ட்வாலாவைக் கூப்பிட்டோம். மறுநாள் மத்தியானத்துக்குள், வாசலிலிருந்து மேடைவரை இரும்புக் கால்கள் நட்டு, தடித்த தகரத்தால் கூரை. உள்பக்கம் வெள்ளைத் துணி, சாமந்திச் சரம். பெலிக்ஸ் மட்டும் சாமந்தியை ஏறெடுத்தும் பாராமல், தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அழகுணர்ச்சி இல்லாத பையன்.

மேடைக்கு மணல் கொட்டிச் சமன்படுத்தும் வேலை தாயம்மாள் கோஷ்டிக்கு. அந்தக் கூரைக்கு அடியிலேயே போய்வந்தார்கள். என்னைக் கண்டதும் தாயம்மாள் தஸ்லாவை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்து இரண்டு கையையும் கூப்பினார்.

"நீங்க நல்லா இருக்கணும் சாமி. கேட்ட ஒடனே கூர போட்டுட்டீங்களே. பூவெல்லாம் எதுக்கு சாமி எங்களுக்கு?"

அவர் கண்ணில் நீர். நன்றியை மறுப்பது பண்பல்ல. ஏற்றுக்கொண்டேன்.

விழா இனிதே நடந்தது. தலைமை விருந்தினர் கூரைக்கு அடியில், வெள்ளைத் தலைக்கவசமும் அணிந்து, பத்திரமாக வந்து பத்திரமாகப் போனார். தன் உரையில், "பாதுகாப்பில் சமரசமே கூடாது" என்றார். நாங்கள் செய்யவில்லை என்பதற்கு அவர் தலையே சாட்சி. கேடயத்தை ஜெயகிருஷ்ணன் வாங்கினார். நான் ஓர் ஓரத்தைத் தொட்டுக்கொண்டேன். சாயங்காலம் டென்ட்வாலா ஆட்கள் வந்து தகரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வேறொரு கல்யாணம் இருந்ததாம்.

அடுத்த நாள் காலையில், படம் எடுத்து முடித்த கொஞ்ச நேரத்தில், மேலே சாரத்திலிருந்து ஒரு கிளாம்பு விழுந்தது. தாயம்மாள் அப்போதுதான் குனிந்து சுமையை இறக்கி வைத்து நிமிர்ந்திருந்தார்.

பெலிக்ஸ்தான் அவரை அள்ளி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார். திரும்பி வந்தபோது சட்டை முழுவதும் ரத்தம். நேராக என் மேஜைக்கு வந்து நின்றார்.

"உயிர் இருக்கு சார். வலது கை அசையல. நீங்க எழுதுன ரூல்படிதான் அந்தம்மா நடந்தாவ. இப்ப என்ன எழுதப் போறீங்க?"

வாலிபர்கள் உணர்ச்சிவசப்படுவார்கள், ஃபைல் உணர்ச்சிவசப்படக் கூடாது. ஒரு நபர் விசாரணைக் குழுவாக என்னை நியமித்தார்கள். உண்மைகள் தெளிவாகவே இருந்தன. சுமை தலையில் இருந்தவரை தாயம்மாள் முழுப் பாதுகாப்போடு இருந்திருக்கிறார். பிறகு, எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல், தன் இரண்டு கைகளாலும், தன் பாதுகாப்புச் சாதனத்தைத் தலையிலிருந்து அகற்றித் தரையில் வைத்திருக்கிறார். கிளாம்பு விழுந்தது அதற்குப் பின்னர். ஆகவே விபத்துக்கு அவரே பொறுப்பு. சிகிச்சைச் செலவோ நஷ்ட ஈடோ கம்பெனியைச் சாராது.

"பிரமாதம் சார்," என்றார் ஜெயகிருஷ்ணன். "கேடயத்துக்கும் ஒண்ணும் ஆகாதே?"

"ஒண்ணும் ஆகாது."

இயற்கை நீதிப்படி, குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பையும் கேட்க வேண்டும். ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலை முழுவதும் கட்டு. வலது கையைத் தலையணை மேல் எடுத்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் பெலிக்ஸ் இருந்தார். வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். இரண்டு பிள்ளைகளும் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு என் பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

என் முடிவுகளை நிதானமாக, புரியும்படி விளக்கினேன்.

"ஏதாவது சொல்லணுமாம்மா?"

"அந்தத் தகரத்த ஏன் சாப் பிரிச்சீங்க?"

"விழா முடிஞ்சுடுத்தேம்மா. அது சீஃப் கெஸ்டுக்காகப் போட்டது."

"எங்களுக்கு இல்லியா?"

"இல்லை."

தாயம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன்.

"அவரு தலைல வுழும்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார். "அப்ப எங்க தலைல வுழும்னும் தெரிஞ்சிதான சாப் இருந்திருக்கு?"

விசாரணைக்குப் பொருத்தமில்லாத இந்தக் கேள்வியை அறிக்கையில் சேர்க்கவில்லை. ஆனால் பெலிக்ஸ் காதில் விழுந்துவிட்டது. அவர் கோர்ட்டுக்குப் போகக்கூடியவர். எதற்கும் இருக்கட்டும் என்று, நம் தமிழரான வார்டு டாக்டரைப் பார்த்து, தலையில் பலமாக அடிபட்டதால் நோயாளியின் பேச்சு தெளிவாக இல்லை என்று ஒரு வரி சான்றிதழ் கேட்டேன். "பக்கத்தில்தான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், இவ்வளவு தெளிவாகப் பேசும் ஆளை இந்த வார்டில் நான் பார்த்ததே இல்லை," என்றார் டாக்டர்.

வேறு டாக்டரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.