பேசாத வண்டிக்கு வைத்தியம்

"சின்னக் கோளாறுதான். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிட்டா உனக்கு வேலை நிரந்தரம். இல்லேன்னா நாளையிலேருந்து வராதே."

மேனேஜர் போனை வைத்துவிட்டார். எந்த வண்டி என்று கேட்பது மெக்கானிக்கின் கௌரவத்துக்கு இழுக்கு. அதனால் அவன் கேட்கவில்லை.

கிடங்கு வாசலில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட்கள் இரண்டு நின்றன. ஒன்று நன்றாகவே ஓடியது, ஹாரன்தான் அடிக்கவில்லை. மற்றதில் சாவியைத் திருப்பினால் 'தொடர்பு இல்லை' என்று திரை சிவந்தது. மோட்டாரை ஆளும் கண்ட்ரோலரும் திரையும் ஒன்றோடொன்று பேசவில்லை. ஹாரன் மாட்டவா இவன் டிப்ளமோ படித்தான்? சிவப்புத் திரையிடம் போனான்.

மீட்டரை வைத்துப் பார்த்தான். "கேபிள்தான் போயிருக்கு. அண்ணே, உங்க வண்டியோடதைக் கழட்டிக்கவா? சும்மா டெஸ்டுக்கு."

ஹாரன் இல்லாத வண்டியின் டிரைவர் தயங்கினார். "திருப்பி மாட்டிடுவே இல்ல, தம்பி?"

"என்னண்ணே, என்மேல நம்பிக்கை இல்லையா?"

கேபிள் மாறியது. இப்போது சிவப்பு எழுத்தும் போய்த் திரையே இருண்டுவிட்டது. டிரைவர் வண்டியின் திரையைப் பெயர்த்து மாட்டினான். வெளிச்சம் வந்தது. கூடவே இரண்டு புதுக் கோளாறுகளும் வந்தன.

மனைவி போன் செய்தாள். "உங்களுக்கு வேலை நிரந்தரமாயிடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். மானத்தை வாங்கிடாதீங்க."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு டிரைவர் பக்கம் திரும்பினான். "அண்ணே, அந்தக் கண்ட்ரோலரையும் குடுங்க. இதான் கடைசி."

"அதையும் குடுத்துட்டா என் வண்டியில ஸ்டியரிங்தான் தம்பி மிச்சம்!"

கண்ட்ரோலர் மாறியது. வண்டி நகர்ந்தது, முன்னால் நீட்டியிருந்த தூக்கு முள் இரண்டும் மேலே எழுந்தன. அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கழட்டிய பழைய சாமான்களை டிரைவரின் வண்டிக்குள் திணித்து மூடினான். அங்கே திரை சிவந்தது.

"இது வேற கோளாறுண்ணே. நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றான், நிரந்தர ஊழியனுக்கே உரிய நிதானத்தோடு.

மேனேஜருக்கும் சொல்லியாகிவிட்டது. "வண்டி ஓடுது சார்!"

"சபாஷ்! நாளைக்கே ஆர்டர் வாங்கிக்கோ."

அப்போது வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. மெக்கானிக் தானே ஃபோர்க்லிஃப்டை ஓட்டிக்கொண்டு போய் அதன் முன்னால் கம்பீரமாக நிறுத்தினான்.

"என்ன சரக்கு இறக்கணும்?"

லாரிக்காரர் கையிலிருந்த இரும்புச் சங்கிலியை நழுவவிட்டு, வாயைப் பிளந்தார்.

"இறக்க ஒண்ணுமில்லண்ணே, பழைய இரும்புக்கு வாங்கின இந்த வண்டியை ஏத்திட்டுப் போகத்தான் வந்தேன், ஓடவே ஓடாது, கட்டித்தான் இழுக்கணும்னு உங்க மேனேஜர் சொன்னாரே!"